துருக்கிக்காரரின் அண்ணன்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் எந்த ஃபுட்பால் உலகக் கோப்பை பெரியது என்று சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. என்னைப் பொறுத்தவரை உலகக் கோப்பை என்றால் ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்ததே, அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தோம். அது மட்டும்தான் பட்டப்பகலில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வந்து, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, கையைச் சரியாகக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி ஓடிய வருஷம் அது. இன்றைக்கு முட்டி வலி, தலைக்குச் சாயம் என்று நாற்பதைத் தொடப்போகிறோம். அப்போது ஓடுவதற்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை.

ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெரு அந்த வருஷம் இந்தியாவில் இல்லை, பிரேசிலில் இருந்தது. சுவரில் மஞ்சள் பச்சை, படகில் மஞ்சள் பச்சை, ஐஸ் வண்டிக்காரர் குடையில்கூட மஞ்சள் பச்சை. அந்தத் தெருவுக்குள் ஒரு மனிதர் துருக்கிக்குக் கைதட்ட வந்து சேர்ந்தார் என்றால் அவருடைய தைரியத்தை என்னவென்று சொல்வது? பிறந்த ஊர் எங்கோ இருக்க, அயலூரில் அந்நியர் நடுவில் உட்கார்ந்து தன் நாட்டு ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் அவர் முகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் கப்பலில் சமையல்காரர். அவருடைய கப்பல் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நம் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. கோர்ட் சொல்லாமல் கப்பல் நகராது, கப்பல் நகராமல் ஆட்கள் ஊருக்குப் போக முடியாது. பகலில் மட்டும் வெளியே வந்து போக அனுமதி. துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டிய என் அப்பாவிடம் அவர் ஒருநாள் காலால் காற்றை உதைத்துக் காட்டி, கையால் ஒரு சதுரம் போட்டுக் காட்டியிருக்கிறார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆளைக் கையோடு கூட்டிவந்து சின்ன மாமாவிடம் ஒப்படைத்தார். சின்ன மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்துவந்தவர்.

இன்றைய பிள்ளைகளிடம் கேபிள் ரூம் என்றால் முழிக்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை, அதற்கு மேலே மொட்டை மாடியில் குடை மாதிரி மூன்று டிஷ், உள்ளே இரும்பு அலமாரி நிறையப் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு ஒரு சேனல். புதுச் சேனல் ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் பழையது ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். முதல் நாள் மாமா மதிய சீரியலைப் பிடுங்கிவிட்டு ஃபுட்பாலைக் கொடுத்தார். தெருப் பெண்கள் படியேறி வந்த வேகத்தைப் பார்த்து மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மறுநாளே சீரியல் திரும்பி வந்தது. மேட்ச் இனி அந்த அறையில் இருக்கும் சின்ன டிவியில் மட்டும்தான் என்று ஆயிற்று.

அந்த அறையை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் நினைவு வருகிறது. ஈயம் பற்றவைத்த வாசனை, ஜன்னல் வழியே காசிமேட்டு மீன் வாசனை, கூடவே துறைமுகத்திலிருந்து பறந்துவரும் நிலக்கரித் தூசி. மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும். இதற்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தெரு முழுக்கப் பிரேசில்காரர்கள், ஒரே ஒரு துருக்கிக்காரர். மேட்ச் தொடங்கும் முன் அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து எல்லார் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றுவார். எலுமிச்சை வாசனை, தேய்த்தால் ஜில்லென்று இருக்கும். அவர் ஊரில் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் தெருப் பெரிசுகள் தீர்த்தம் என்று நினைத்துத் தலையில் தடவிக்கொண்டார்கள். நான் கணக்கு வகுப்பு முழுக்க உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருப்பேன்.

தெருப் பிள்ளைகள் நாங்கள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். மீசை வைத்த, தொப்பை போட்ட எந்த ஆளையும் அப்படித்தானே கூப்பிடுவோம். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. மனிதர் சந்தோஷப்பேர்வழி என்று விட்டுவிட்டோம்.

முதல் மேட்சே துருக்கிக்கும் பிரேசிலுக்கும்தான். துருக்கி முதலில் கோல் போட்டது. அவர் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கத்தினார், அறை மொத்தமும் அவரை முறைத்தது. பிறகு பிரேசில் இரண்டு போட்டது, அறை கூரையைப் பிய்த்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய்த் தெருமுனை டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தார்.

பூத்தில் கண்ணாடிக் கதவு இருந்தும் பிரயோஜனமில்லை. வெளிநாட்டு லைன் கரகரவென்று இருக்கும், கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். அவர் போனைக் காதில் வைத்துக் கத்திய முதல் வார்த்தை டீக்கடையில் நின்ற எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

“அண்ணே! அண்ணே!”

டீக்கடையில் பாதிப் பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று இன்னா இன்னா என்று கேட்டார்கள். பிறகு விஷயம் புரிந்ததும் தெருவுக்கே பெருமை பிடிபடவில்லை. துருக்கியிலும் அண்ணனை அண்ணே என்றுதான் சொல்கிறார்களாம், நம்ம பாஷை எதுவரைக்கும் போயிருக்கிறது பார் என்று ஒரு வாரம் இதே பேச்சு. மெட்ராஸ் பாஷை என்று சினிமாக்காரர்கள் கேலி பண்ணுகிறார்களே, அவர்கள் வந்து பார்க்கட்டும் என்றார் ஐஸ் வண்டிக்காரர். சின்ன மாமா மட்டும் சந்தேகம் தீராமல், அவர் வெளியே வந்ததும் போனைக் காட்டி, அண்ணனா என்று கேட்டார். அவர் நெஞ்சில் கை வைத்து, அண்ணே, அண்ணே என்றார். பிறகு மாமாவின் கையை எடுத்து முத்தமிட்டுத் தன் நெற்றியில் ஒற்றிக்காட்டினார். ஊருக்குப் போனால் அந்த அண்ணே கையை இப்படித்தான் முத்தமிடுவேன் என்று அர்த்தம். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

ஏன் சுருங்கியது என்று சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு ஓர் அண்ணனும் உண்டு. பெரிய மாமா. அவரும் கப்பலில் வேலை பார்த்தவர்தான். அவர் ஏதோ கடலில் இருந்தபோது இங்கே அவர்களைப் பெற்றவள் இறந்துபோனாள். ஆபீசுக்குச் சொல்லி, கப்பலுக்குச் சொல்லி, அவர் அடித்துப்பிடித்து வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்து மண்ணும் காய்ந்திருந்தது. வெயிலுக்கு உடம்பு தாங்காது என்று சின்ன மாமா காத்திருக்கவில்லை. கல்லறையில் வைத்து அண்ணன் ஏன்டா என்று கேட்க, ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்காக அம்மாவை நாற விட வேண்டுமா என்று தம்பி கேட்டுவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு. பெரிய மாமா கப்பல் வேலையை விட்டுவிட்டு, கொஞ்சம் வடக்கே டோல்கேட் என்கிற பேட்டைக்குக் குடிபோய்விட்டார். சின்ன மாமா வாயில் அண்ணே என்ற வார்த்தையே வராது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் டோல்கேட்டுக்காரர் என்பார்.

இந்தச் சண்டை அந்த வருஷம் முற்றிப்போய் நின்றது. என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் இரண்டு பேரும் சேர்ந்து பெண்ணைக் கோவிலுக்குக் கூட்டிவர வேண்டும், ஒருத்தர் வந்து ஒருத்தர் வராமல் போனால் நான் கோவில் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் செய்கிறவள். அக்கா தினமும் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அப்பா இரண்டு மைத்துனர்களிடமும் தூது போய்க் களைத்துவிட்டார்.

துருக்கிக்காரர் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் பூத்துக்குப் போனார். ஜெயித்தாலும் போவார், டிரா ஆனாலும் போவார். அண்ணே, அண்ணே என்று தொடங்கி, கோல், கோல் என்று காலால் பூத்தையே உதைத்து ஆட்டத்தை விவரிப்பார். அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்களோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். அம்மா மாடி ஜன்னலில் நின்று இதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள்.

“அவன் எங்கியோ கடலாண்ட கெடந்துகினு அண்ணனுக்குப் போன் பண்றான். உன் அண்ணன் டோல்கேட்டாண்டதான் கீறாரு. பஸ் ஏறினா ஆச்சு.”

சின்ன மாமா ஒரு பெட்டியைத் திருகிக்கொண்டே காது கேட்காதவர் மாதிரி இருப்பார். ஆனால் கேட்டிருக்கிறது. துருக்கி செனகலை ஜெயித்துச் செமி ஃபைனலுக்குப் போன அன்று துருக்கிக்காரர் பூத்திலிருந்து வெளியே வந்து தெருவிலேயே ஆடினார். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மொபெட்டை எடுத்தார், என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். தனியாகப் போகப் பயம், வேறென்ன? அப்போது அது தெரியாமல் மாமாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

டோல்கேட்டில் பெரிய மாமா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தபடி நின்றார். சின்ன மாமா எனக்குப் பின்னால் போய் நின்றார். என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, செமி ஃபைனலு. வூட்டுக்கு வா.”

பெரிய மாமா என்னைப் பார்த்தார், மொபெட்டைப் பார்த்தார். யாருக்கும் யாருக்கும் மேட்ச் என்று கேட்டார். பிரேசிலுக்கும் துருக்கிக்கும் என்றார் சின்ன மாமா. சரி, வரேன் என்றார். அவ்வளவுதான். பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பு இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை. ஆண்பிள்ளைகள் சமாதானம் என்பது இவ்வளவுதான் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அழுதாள், அக்கா அழுதாள். துருக்கிக்காரரை உட்காரவைத்து வஞ்சிரம் வறுத்துப்போட வேண்டும் என்று அம்மா மார்க்கெட்டுக்குச் சொல்லி வைத்தாள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் அவர் தெருப்பக்கம் வரவில்லை. செமி ஃபைனல் அன்று அப்பா கப்பலுக்கே போய்க் கூப்பிட்டார். வர மாட்டேன் என்று கையசைத்தாராம். பிரேசிலோடு மேட்ச் என்பதால் பயப்படுகிறார் என்று நினைத்து அப்பா விடவில்லை, இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று பையும் இல்லை, பாட்டிலும் இல்லை. நான் உள்ளங்கையை நீட்டினேன். அவர் அதில் தன் கையை வைத்து அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டார்.

அன்று மாமா துணிந்து சீரியலைப் பிடுங்கிவிட்டு எல்லா வீட்டுக்கும் மேட்சைக் கொடுத்திருந்தார். ஆகவே அறையில் கூட்டமில்லை. பெரிய மாமா வந்தார், துருக்கிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். கப்பல்காரருக்குக் கப்பல்காரர் என்று ஆசையாகத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ப்ராப்ளமா என்று கேட்டதற்கு அவர் நோ ப்ராப்ளம் என்றார். பிரேசில் கோல் போட்டது, தெருவில் வெடி வெடித்தது, அவர் அசையவில்லை. மேட்ச் முடிந்தது, துருக்கி தோற்றது, அப்போதும் அசையவில்லை. அம்மா கொடுத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. வறுத்த வஞ்சிரத்தை அவர் தொடவேயில்லை.

சின்ன மாமாவுக்குத் தாங்கவில்லை. தான் அண்ணனோடு சேர்ந்ததற்கு இவர்தான் காரணம், இவர் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கலாமா? பூத்துக்கு வா என்று கையைப் பிடித்து எழுப்பினார். அவர் தலையை ஆட்டினார்.

“அண்ணே யோக்,” என்றார். “அண்ணே யோக்.”

யோக்காவது கீக்காவது என்றார் மாமா. அண்ணன் கோபத்தில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டான் போலிருக்கிறது என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார். படியில் இறக்கி, தெருவில் நடத்தி, பூத்துக்குள் தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம்.

“தோத்தா இன்னா நைனா? அண்ணன்கிட்ட போயி மானம் பாக்கறியா? நா பாத்தேன், எத்தினி வருசம் பாழாப்போச்சு. நீ பேசு.”

பூத்தை நடத்திய பெண்ணுக்கு அந்த நம்பர் மனப்பாடம், அவளே போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக் காதில் வைத்தார். யாரோ எடுத்தார்கள். அன்று அவர் கத்தவில்லை. அண்ணே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மெதுவாக இரண்டு மூன்று வார்த்தை பேசிவிட்டுப் போனை வைத்தார். வெளியே வந்து பெரிய மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெரிய மாமா முதுகைத் தட்டிக்கொடுத்தார். பார்த்தாயா, பேசினதும் மனசு லேசாகிவிட்டது என்றார் சின்ன மாமா. டீக்கடைக்காரர்கூட ஆமாம் ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. மூன்றாம் இடத்துக்குத் துருக்கி ஆடியபோது எங்கள் தெரு மொத்தமும் துருக்கிக்குக் கத்தியது, கத்த வேண்டியவர்தான் இல்லை. கப்பலை வெளியே கடலுக்குள் நிறுத்திவிட்டார்கள், யாரையும் இறங்க விடுவதில்லை என்றார் அப்பா. அக்கா கல்யாணத்தில் இரண்டு மாமாக்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவளைக் கூட்டிப்போனார்கள். அம்மா வாசலில் உட்காரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்ன மாமா டோல்கேட்டுக்குத்தான் போகிறார்.

போன மாதம் என் மகள் கைப்பேசியில் துருக்கி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு அவர்கள் பாஷையிலேயே வரும், அர்த்தம் கீழே ஓடும். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நாடகத்தில் ஒரு குழந்தை விழுந்து அழுதது, அண்ணே, அண்ணே என்று. பாவம், எந்த அண்ணனைத் தேடுகிறது என்று கேட்டேன்.

“அண்ணன் இல்லம்மா, அன்னே. அம்மாவைக் கூப்பிடுது,” என்றாள் மகள், தலை நிமிராமல்.

மூணு சுழி இல்லை, ரெண்டு சுழி. ஞாயிறு தவறாமல் அன்னையே, அன்னையே என்று தொண்டை கிழியப் பாடுகிற தெரு எங்களுடையது. கோவிலுக்குள் ரெண்டு சுழியாகக் கேட்கிற காது, தெருமுனைக்கு வந்தால் மூணு சுழியாகக் கேட்டிருக்கிறது. மீசைக்கார ஆளைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அம்மா, அம்மா என்று ஓடிவந்தால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, யோக் என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். இல்லைன்னு அர்த்தம் என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா இல்லை, அம்மா இல்லை என்று சொன்ன மனிதரைத்தான் நாங்கள் தெரு கூடி பூத்துக்கு இழுத்துப் போயிருக்கிறோம். கப்பல் நகராமல், ஊருக்குப் போக வழியில்லாமல், பெற்றவளை மண்ணில் வைக்கும்போது இங்கே எங்கள் வெடிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மீன் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். மகள் பயந்துபோனாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம், எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்த ஞாயிறு டோல்கேட்டுக்குப் போனேன். இரண்டு மாமாக்களும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், இருவருக்கும் தலை வெளுத்துவிட்டது. சொன்னேன். சின்ன மாமா நம்பவேயில்லை. அவனே என்னிடம் அண்ணன் என்றானே என்றார். நான் மறுபடி, நிதானமாக, ரெண்டு சுழியில் சொல்லிக்காட்டினேன். அவரும் ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்த்தார்.

பெரிய மாமா டிவியை நிறுத்தினார்.

“என் பக்கத்துலதாண்டா உக்காந்துகினு இருந்தான். கப்பல்ல கீறப்ப அம்மா செத்துப்போனா ஆளு எப்டி இருப்பான்னு எனக்குத் தெரிய வேணாமா? எனக்கே தெரிலயேடா.”

அம்மா செத்தது என்ற பேச்சு அவர்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை வருஷத்தில் அன்றுதான் வந்தது. சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து கல்யாணம் நடத்தினார்கள், ஒருவர் பேரப்பிள்ளையை ஒருவர் தூக்கினார்கள், இதை மட்டும் யாரும் தொட்டதில்லை. சின்ன மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தலை குனியாத ஆள் அவர். எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

“வெயிலு தாங்காதுன்னு சொன்னேன்ல, பொய்ணே. காசிமேட்டுல ஐசுக்கா பஞ்சம்? நீ இல்லாத கோவம். வேணும்னேதான் காத்துகினு இருக்கல.”

“தெரியும்டா,” என்றார் பெரிய மாமா. “தெரிஞ்சிதான் மேட்ச் பாக்க வந்தேன்.”